நான்கு டெஸ்ட், நான்கு பதில்: எனக்குச் சுகர் இருக்கிறதா, இல்லையா?

கடிதத்தின் சுருக்கம்

ஆம்பூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 41 வயது வாசகி எழுதியிருக்கிறார். ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை. உயரம் 152 செ.மீ., எடை 64 கிலோ. மார்ச் கடைசியில் கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில், மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணி வாக்கில் விரலைக் குத்திப் பார்த்தார்கள். 172 வந்தது. பெயருக்கு நேரே "சுகர்" என்று எழுதிவிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு வாழைப்பழம் உரித்துத் தின்றுவிட்டு அப்படியே வரிசையில் போய் நின்றதாகவும் சொல்கிறார்.

அடுத்த வாரம் லேபுக்கு நேரில் போய் ரத்தம் கொடுத்தார். வெறும் வயிற்றில் 108, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 139, மூன்று மாத சராசரி எனப்படும் ஹெச்பிஏ1சி 6.6. அதே ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 8.9, ஹிமாட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 28, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 68. மாமியாரின் குளுக்கோமீட்டரில் காலையில் பார்த்தால் 119, 124, 127 என்று வருகிறது. பயந்துபோய் மாமியாரின் சுகர் மாத்திரையில் பாதியை உடைத்துத் தினமும் காலையில் போட ஆரம்பித்தார். அது கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. மே மாதம் வேறொரு லேபிலிருந்து வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். வெறும் வயிற்றில் 91.

"108ஆ, 91ஆ, 127ஆ, எது டாக்டர் உண்மை? அத்தையின் நோட்டில் 'வெறும் வயிற்றில் 130க்குள் இருக்கணும்' என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் நான் நார்மல்தானே? கொழுந்தனார், முன்னெல்லாம் 140 வரை நார்மல், மருந்து கம்பெனிக்காரர்கள்தான் குறைத்துவிட்டார்கள் என்கிறார். இப்போது ஒரு வாரமாக வேலையில் பதினோரு மணிக்கு மேல் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டுகிறது. சுகர் ஏறுகிறது போலிருக்கிறது. முழு மாத்திரையாகப் போடலாமா?" என்று கேட்கிறார்.

இரண்டாவது குழந்தையைச் சுமந்தபோது சுகர் இருந்தது, பிரசவத்துக்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. நான்கு வருடமாக மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகம். கடிதத்தின் கடைசியில் தயங்கித் தயங்கி இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: சமைக்கும்போது ஒரு கை பச்சரிசியை வாயில் போட்டு மெல்லாமல் இருக்க முடிவதில்லை.

சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியைத் தயங்காமல் எழுதியிருக்கலாம். உங்கள் ரிப்போர்ட்டில் பாதிக் குழப்பத்துக்கு விடை அதில்தான் இருக்கிறது. அதற்கு முன், காத்திருக்க முடியாத ஒன்று.

முதலில் அந்த மாத்திரை

இன்றோடு நிறுத்துங்கள். முழு மாத்திரை என்ற பேச்சே வேண்டாம்.

பதினோரு மணிக்கு வரும் நடுக்கமும் வேர்வையும் சுகர் ஏறியதால் வருபவை அல்ல. பெரும்பாலும் அது இறங்கியதால் வருபவை. சுகர் ஏறினால் தாகம் எடுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், உடம்பு அசந்துபோகும். கை நடுங்கி, நெஞ்சு படபடத்து, குப்பென்று வேர்த்து, பசி பிடுங்குவது தாழ்சுகரின் அடையாளம். கிளிமிபிரைடு கணையத்தைப் பிடித்துத் தள்ளி இன்சுலின் சுரக்க வைக்கும் மருந்து. மருந்து தேவைப்படாத உடம்புக்கு அதைக் கொடுத்தால், காலை எட்டு மணிக்குச் சாப்பிட்ட இரண்டு இட்லி தீர்ந்த பிறகும் அது தள்ளிக்கொண்டே இருக்கும். ரத்தச் சுகர் 70க்குக் கீழே போனால் இந்த அறிகுறிகள் தொடங்கும். 54க்குக் கீழே போனால் யோசனை தடுமாறும், பேச்சு குழறும், மயக்கம் வரும். ஓடிக்கொண்டிருக்கிற தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இது வரக் கூடாது.

மாத்திரையை நிறுத்தினாலும் ஒரு நாள் வரை அதன் வேலை மிச்சமிருக்கலாம். மறுபடி நடுக்கம் வந்தால் மெஷினை நிறுத்திவிட்டு, மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. சரியானதும் பிஸ்கட்டோ சாப்பாடோ ஏதாவது சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். பக்கத்து மெஷினில் இருப்பவரிடம் சொல்லி வையுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108க்கு அழைக்க வேண்டும்.

இன்னொன்று. இந்தக் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் மெட்ஃபார்மின் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டிருக்கும். அட்டையில் பெயருக்குப் பின்னால் "எஸ்.ஆர்." அல்லது "இ.ஆர்." என்றிருந்தால் அது அந்த வகை. அதை உங்கள் இஷ்டத்துக்கு உடைத்தால் மெதுவாகக் கரையும் அமைப்பு கெட்டுப்போகலாம். உங்கள் அத்தைக்கும் மாத மாத்திரை கணக்குப்படிதான் வந்திருக்கும். இத்தனை நாளில் அவருக்கு எத்தனை குறைந்தது என்று எண்ணிப் பார்த்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

எந்த எண்ணை நம்பலாம்

சுகர் எண்ணைப் பார்த்ததும் கூடவா குறைவா என்று கேட்கிறோம். எப்போது எடுத்தது, எங்கிருந்து எடுத்தது, எடுத்த ரத்தம் எத்தனை நேரம் கழித்து மெஷினுக்குள் போனது, எடுத்தவரின் ரத்தம் எப்படிப்பட்டது என்று கேட்பதில்லை. உங்கள் எண்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். (எல்லாமே ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு.)

முகாமில் வந்த 172. சாப்பிட்ட பிறகு, விரல் நுனி ரத்தத்தில், பழம் உரித்த கையில் எடுத்தது. விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாறு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஸ்ட்ரிப்புக்குத் தேவை ஒரு மைக்ரோலிட்டர் அளவு ரத்தம்தான். அந்தத் துளியில் கொஞ்சம் பழச்சர்க்கரை கலந்தால் போதும், எண் எங்கோ போய்விடும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் முழுசாகப் போகாது, சோப்புத் தண்ணீரில் கழுவி ஈரம் போகத் துடைக்க வேண்டும். அது மட்டுமல்ல, சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் சுகர் நரம்பில் எடுக்கும் ரத்தத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். நேரம் பார்க்காமல் எடுக்கும் டெஸ்டை வைத்து நீரிழிவு என்று சொல்ல வேண்டுமானால், லேப் ரத்தத்தில் 200 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், கூடவே தாகம், எடை இறக்கம் போன்ற அறிகுறிகளும் இருக்க வேண்டும். முகாம் என்பது "போய் லேபில் பாருங்கள்" என்று அனுப்பி வைக்கும் இடம். பதிவேட்டில் நோயின் பெயரை எழுத அந்த ஒரு குத்து போதாது.

வீட்டுக்கு வந்து எடுத்துப் போன 91. இதைப் பார்த்து நிம்மதி அடைந்திருக்கிறீர்கள். இரண்டு காரணத்தால் அது செல்லாது. ஒன்று, அப்போது மாத்திரை போட்டுக்கொண்டிருந்தீர்கள். இரண்டாவது, லேப் பையன் காலை ஆறரைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டு, இன்னும் நாலைந்து வீடு ஏறி இறங்கி, பத்து மணிக்கு மேல்தான் லேபுக்குப் போயிருப்பான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, சுகரைத் தின்றுகொண்டும் இருக்கின்றன. அப்படியே விட்டால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். சூடு கூடினால் இன்னும் வேகம். ஆம்பூர்ப் பக்கத்து அக்னி நட்சத்திர வெயிலில், பைக்கின் முன்பையில் மூன்றரை மணி நேரம் கிடந்த 108, 90க்கு வந்து நிற்பதில் ஆச்சரியம் இல்லை. சுகருக்கென்று ஃப்ளூரைடு போட்ட சாம்பல் நிற மூடிக் குழாய் இருக்கிறது. அது இந்தத் தின்னலைத் தடுக்கும், ஆனால் முழுசாகப் பிடிக்க ஒன்றிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். எடுத்தவுடன் ஐஸில் வைத்து, அரை மணிக்குள் செல்களைப் பிரித்துவிடுவதுதான் சரியான முறை. நம் ஊர்களில் வீட்டு கலெக்‌ஷனில் அது நடப்பது அபூர்வம். வெறும் வயிற்றுச் சுகருக்காவது லேபுக்கு நேரில் போய்விடுங்கள் என்பதுதான் என் கருத்து.

குளுக்கோமீட்டரின் 119, 124, 127. உலகத் தரத்தின்படி, 100க்கு மேல் உள்ள அளவுகளில் மீட்டர் 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்டலாம். லேபில் 110 இருந்தால் மீட்டர் 126 காட்டினாலும் மீட்டரில் கோளாறு இல்லை. ஸ்ட்ரிப் டப்பாவை அடுப்படி அலமாரியில் வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகள் 30 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை, மூடி திறந்தால் ஈரமும் உள்ளே போகும். ஆனால் உங்கள் விஷயத்தில் முக்கியமான காரணம் வேறு. ரத்தச் சோகை உள்ளவர்களுக்கு மீட்டர் சுகரைக் கூட்டிக் காட்டும். துளி ரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைவாக இருந்தால், நீர்ப்பகுதி அதிகமாக ஸ்ட்ரிப்பில் போய்ச் சேரும், அதில் கரைந்திருக்கும் சுகரும் அதிகமாகச் சேரும். சில மீட்டர்களின் கையேட்டிலேயே ஹிமாட்டோக்ரிட் 30க்குக் கீழே இருந்தால் நம்ப வேண்டாம் என்றிருக்கும். உங்களுடையது 28. அத்தைக்குச் சரியாகக் காட்டும் அதே மீட்டர் உங்களுக்குத் தப்பாகக் காட்டக்கூடும்.

கடைசியாக 6.6. உங்களைத் தூங்கவிடாமல் செய்த எண் இது. 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு என்பது விதி, ரிப்போர்ட்டில் தடித்த எழுத்திலும் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஹெச்பிஏ1சியை 28.7ஆல் பெருக்கி அதில் 46.7ஐக் கழித்தால் சராசரிச் சுகர் வரும். 6.6க்கு அது 143. உங்கள் வெறும் வயிற்று அளவோ 108, சாப்பிட்ட பிறகு 139. இரண்டையும்விடச் சராசரி எப்படி அதிகமாக இருக்கும்? சாப்பிட்ட முதல் மணி நேரத்தில் ஏறி இறங்கியிருக்கலாம் என்று வாதம் செய்யலாம்தான். ஆனாலும் இப்படி ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இருக்கும்போது ஹீமோகுளோபின் என்ன என்று பார்க்காமல் எந்த மருத்துவரும் முடிவு சொல்லக் கூடாது.

ஹெச்பிஏ1சி சுகரை நேராக அளப்பதில்லை. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை பங்கு சுகர் ஒட்டியிருக்கிறது என்று அளக்கிறது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். இரும்புச்சத்து குறைந்தால் புது அணுக்கள் உருவாவது மட்டுப்படுகிறது, ரத்தத்தில் வயதான அணுக்களின் பங்கு கூடுகிறது. கொடியில் அதிக நாள் தொங்கிய துணி அதிகம் வெளிறுவதுபோல, பழைய அணுவில் சுகர் ஒட்டுவதும் அதிகம். சுகர் ஏறாமலேயே எண் ஏறிவிடும். உங்கள் ஹீமோகுளோபின் 8.9 (பெண்களுக்கு 12க்கு மேல் இருக்க வேண்டும்), அணுக்களும் சிறுத்திருக்கின்றன, நான்கு வருடமாக உதிரப்போக்கு. பச்சரிசி, சாம்பல், மண், ஐஸ் என்று எதையாவது மெல்லத் தோன்றுவது இரும்புச்சத்துக் குறைவில் அடிக்கடி பார்ப்பது. அது கெட்ட பழக்கம் இல்லை, வெட்கப்பட வேண்டியதும் இல்லை.

ஆகவே நான்கு டெஸ்டில் மூன்றைத் தள்ளிவிடலாம். நான்காவதிலும் 6.6ஐ எடுத்துவிட்டால், நேரில் போய் நரம்பில் கொடுத்த 108தான் நிற்கிறது. அது நீரிழிவு இல்லை. ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் நான் சொல்லப்போவதில்லை.

கூடவே வந்த அந்த 139ஐயும் பெரிதாக நம்பாதீர்கள். அன்றைக்குப் பயத்தில் இரண்டு சப்பாத்தி மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். நாலு இட்லியும் சாம்பாரும் சாப்பிட்டிருந்தால் என்ன வந்திருக்கும் என்பது நமக்குத் தெரியாது.

"முன்னெல்லாம் 140 நார்மல்"

கொழுந்தனார் சொல்வதில் பாதி சரி. 1979, 1980 வாக்கில் வெறும் வயிற்றில் 140ஐத் தொட்டால்தான் நீரிழிவு என்று வைத்திருந்தார்கள். 1997இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அதை 126 ஆக்கியது, பின்னாலேயே உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டது. காரணம் கண். ஆயிரக்கணக்கானவர்களின் விழித்திரையைப் படம் எடுத்துச் சுகர் அளவோடு வைத்துப் பார்த்தபோது, நீரிழிவுக்கே உரிய ரத்தக்கசிவுகள் 140க்கு முன்பே தலைகாட்டுவது தெரிந்தது. குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் டெஸ்டில் 200 தாண்டியவர்களில் பலருக்கு வெறும் வயிற்றில் 140 இருக்கவே இல்லை. அவர்கள் எல்லாரும் நார்மல் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தார்கள். 126க்கு வந்தது அதனால்தான்.

ஆனால் அவருடைய சந்தேகத்துக்கு இடமுள்ள ஒரு பகுதி இருக்கிறது. நார்மலின் மேல் எல்லை எது என்பதில் பெரியவர்களுக்கே ஒத்த கருத்து இல்லை. 2003இல் அமெரிக்கச் சங்கம் அதை 110லிருந்து 100க்கு இறக்கியது. உலக சுகாதார நிறுவனம் 110லேயே நிற்கிறது. ஒரு லேப் ரிப்போர்ட்டில் "70–110" என்றும் இன்னொன்றில் "70–99" என்றும் இருப்பது இதனால்தான். உங்கள் 108 ஒரு கணக்கில் நார்மல், இன்னொன்றில் நீரிழிவுக்கு முந்தைய நிலை. வேறு எந்த ஆபத்தும் இல்லாத, ஒல்லியான 25 வயதுக்காரர் 108 என்று வந்தால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அனுப்பிவிடலாம். உங்களுக்குக் கர்ப்பகாலத்தில் சுகர் இருந்திருக்கிறது. அப்படி இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. உடல் நிறை எண் 27.7. நம் மக்களுக்கு 23 தாண்டினாலே கூடுதல், 25 தாண்டினால் உடற்பருமன். உங்களுக்கு நான் 100ஐத்தான் எல்லையாக வைப்பேன்.

அத்தையின் நோட்டில் உள்ள 130 உங்களுக்கான எண்ணே இல்லை. அது ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர், மருந்து சாப்பிட்டு எட்ட வேண்டிய இலக்கு: வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பிறகு 180க்குள், ஹெச்பிஏ1சி 7க்குள். வயதானவர்களுக்கு, தாழ்சுகர் வந்து விழுந்துவிடக் கூடாது என்பதற்காக, அதையும் கொஞ்சம் தளர்த்தி வைப்போம். நோய் இல்லாதவர்களுக்கு அளவு வேறு. வெறும் வயிற்றில் 100க்குக் கீழே நார்மல், 100 முதல் 125 முன்நிலை, 126லிருந்து நீரிழிவு. ஹெச்பிஏ1சி 5.7க்குக் கீழே நார்மல், 6.4 வரை முன்நிலை, 6.5லிருந்து நீரிழிவு. அறிகுறி இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து நீரிழிவு என்று முத்திரை குத்தக் கூடாது. இரண்டு டெஸ்ட் ஒத்துப்போக வேண்டும், அல்லது அதே டெஸ்ட் இன்னொரு நாளும் அப்படியே வர வேண்டும்.

இனி எடுக்க வேண்டிய டெஸ்ட்

உங்களுக்குப் பொருத்தம் 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட், லேபில் ஓஜிடிடி என்று கேட்க வேண்டும். கர்ப்பமாக இருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் குடிக்கச் சொன்ன அதே இனிப்புத் தண்ணீர்தான். பிரசவமாகி ஒன்றரை மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எடுத்திருக்க வேண்டியது, அப்போது விட்டுப்போயிருக்கிறது. ரத்தச் சோகை இந்த டெஸ்டைக் குழப்பாது, ஆகவே சோகை சரியாகும் வரை காத்திருக்க வேண்டாம்.

மாத்திரை நிறுத்தி ஒரு வாரமாவது ஆகட்டும். டெஸ்டுக்கு முந்தைய மூன்று நாள் வழக்கம்போல் சோறு, இட்லி எல்லாம் சாப்பிடுங்கள். இதைப் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: டெஸ்ட் வருகிறதே என்று மூன்று நாள் பட்டினி கிடப்பார்கள். மாவுச்சத்து அடியோடு குறைந்தால், திடீரென்று வரும் குளுக்கோஸைச் சமாளிக்க உடம்புக்கு நேரம் எடுக்கும், எண் பொய்யாக ஏறும். முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டால், மறுநாள் காலை ஏழுக்கு லேபில் இருங்கள். பத்து மணி நேர இடைவெளி போதும். தண்ணீர் குடிக்கலாம், காபி, டீ கூடாது. முதல் ரத்தம் கொடுத்ததும், 250 முதல் 300 மி.லி. தண்ணீரில் கரைத்த குளுக்கோஸை ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். குடிக்கத் தொடங்கிய நிமிடத்திலிருந்து கணக்கு. சரியாக இரண்டு மணி நேரத்தில் அடுத்த ரத்தம். நடுவில் பஜாருக்குப் போய் வருவது, மாடி ஏறுவது எல்லாம் வேண்டாம், உட்கார்ந்திருங்கள். வாந்தி வந்துவிட்டால் அன்றைய டெஸ்ட் செல்லாது. காய்ச்சல், சளி இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

இரண்டு மணி நேர அளவு 140க்குக் கீழே என்றால் நார்மல். 140 முதல் 199 முன்நிலை. 200 அல்லது அதற்கு மேல் வந்தால் இன்னொரு நாள் உறுதி செய்துவிட்டு முறையாகச் சிகிச்சை தொடங்க வேண்டும்.

இதற்குச் சமமாக, என்னைக் கேட்டால் இதற்கும் மேலாக, உங்கள் ரத்தச் சோகைக்கு வழி பாருங்கள். அதே நாளில் ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டுவது), தைராய்டு டெஸ்டும் எடுத்துவிடலாம். ஃபெரிட்டின் குறைந்திருந்தால் இரும்புக் குறைவு உறுதி. நார்மலாக இருந்தால், எம்.சி.வி. 68 என்பதால் தாலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டிவரும். பெண்கள் மருத்துவரிடம் காட்டி வயிற்று ஸ்கேன் எடுங்கள். நாப்கின் எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள், கட்டி கட்டியாகப் போகிறதா என்று கேட்பார், கூச்சப்படாமல் சொல்லுங்கள். கர்ப்பப்பைக் கட்டி போன்ற காரணம் இருக்கும்போது இரும்பு மாத்திரை மட்டும் தின்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு போடுவது நல்லது. டீ, காபி, பால் குடிக்க ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஷிஃப்டில் பத்து மணி டீயோடு மாத்திரையையும் விழுங்கினால் பெரும்பகுதி வீண். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏற வேண்டும். 12ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். சிகிச்சை நடக்கும்போது ஹெச்பிஏ1சி எடுக்காதீர்கள்: புது அணுக்கள் கூட்டமாக வந்து சேர்வதால் அப்போது அது பொய்யாகக் குறைந்து காட்டும். ஹீமோகுளோபின் நார்மலாகி மூன்று மாதம் கழித்து எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் கார்டை எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போங்கள். இல்லையென்றால் ஆம்பூர் அரசு மருத்துவமனை இருக்கிறது, பெரிதாக எதுவும் வந்தால் அடுக்கம்பாறையில் உள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

சோறும் களியும்

இராச்சோற்றை நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக் களிக்கு மாறியிருக்கிறீர்கள். இரண்டு பெரிய உருண்டையா? அப்படியென்றால் சோற்றைவிடக் கூடுதலாகவே மாவுச்சத்து உள்ளே போகிறது. கேழ்வரகில் நூற்றுக்கு எழுபது பங்கு மாவுச்சத்துதான். கால்சியமும் நார்ச்சத்தும் நல்லவை, சந்தேகமில்லை. ஆனால் நைசாக அரைத்து, கொதிக்கவிட்டுக் களியாகக் கிண்டினால் அது வேகமாகவே ரத்தத்தில் ஏறும். கைப்பிடி அளவு ஒரு உருண்டை போதும், தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலும் கொள்ளோ காராமணியோ நிறைய இருக்கட்டும். சோறே சாப்பிட்டாலும் தவறில்லை: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, முட்டை, மீன் ஏதாவது, மீதிப் பாதி காய். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைக்கிற ஊரில் காய்க்குப் பஞ்சம் இல்லை, எண்ணெயை மட்டும் பார்த்து ஊற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை விடச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. அரைத் தட்டு, கறி கூட, வெங்காயப் பச்சடி கூட, அன்றைக்கு இனிப்பு வேண்டாம். ஆற்காடு மக்கன் பேடா மாதிரி மைதாவும் கோவாவும் எண்ணெயில் பொரிந்து பாகில் ஊறியதை வருடத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பச்சரிசி மெல்லுவதை இரும்புச்சத்து ஏற ஏறத் தானாக மறந்துவிடுவீர்கள். அதுவரை ஒரு நாளில் எத்தனை கை போகிறது என்று கவனியுங்கள், அதுவும் சோற்றுக் கணக்கில்தான் சேரும்.

முன்நிலையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் நீரிழிவு வந்தே தீரும் என்பதில்லை. சென்னையைச் சேர்ந்த மருத்துவர்கள் நடத்தி 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நடையும் உணவுக் கட்டுப்பாடும் மட்டுமே நீரிழிவு வருவதை 28.5 சதவீதம் குறைத்தன. மெட்ஃபார்மின் கொடுத்தவர்களுக்கு 26.4. இரண்டையும் சேர்த்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை. நீங்கள் எட்டு மணி நேரம் உட்கார்ந்தே வேலை செய்பவர். சாப்பாட்டு இடைவேளையில் கடைசிப் பத்து நிமிடம், இரவு சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடங்கள். தசை அசையும்போது இன்சுலினுக்குக் காத்திராமலேயே சுகரை இழுத்துக்கொள்ளும். ஹீமோகுளோபின் 8.9இல் வேக நடை மூச்சு வாங்கும், ஆகவே முதல் மாதம் மெதுவாகப் போதும். பிறகு வாரத்துக்கு 150 நிமிடம் என்று ஏற்றலாம். எடையில் நாலரைக் கிலோ குறைந்தால் நல்ல பலன் தெரியும். ஆறு மாதத்தில் குறைத்தால் போதும்.

டெஸ்ட் நார்மல் என்று வந்தாலும், கர்ப்பகாலச் சுகர் இருந்த காரணத்தால் ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். முன்நிலை என்றால் வருடம் தவறாமல். நடுவில் தாகம் அடங்காமல், இரவில் மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழுந்து, காரணமில்லாமல் எடை இறங்கினால் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே போய்ப் பாருங்கள்.

கம்பெனிப் பதிவேட்டில் எழுதியது பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். டெஸ்ட் வந்ததும் ரிப்போர்ட் நகலோடு ஒரு கடிதம் எழுதி, முகாமில் எடுத்தது முதல்கட்டப் பரிசோதனைதான், லேப் முடிவு இது, பதிவைத் திருத்துங்கள் என்று கேளுங்கள். கொடுத்ததற்கு ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். கர்ப்பகாலச் சுகர் இருந்த தாய்க்குப் பிறந்தவள் என்பதால் அவளுக்கும் பின்னால் வாய்ப்பு சற்றுக் கூடுதல்தான். பன்னிரண்டு வயதில், உயரத்துக்கேற்ற எடையோடு இருக்கிறாள் என்றால் இப்போது அவள் விரலைக் குத்த வேண்டாம். எடை கூடிக்கொண்டே போனாலோ, கழுத்தின் பின்புறம் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்தாலோ, ஒருமுறை லேபில் வெறும் வயிற்றுச் சுகர் பாருங்கள். அதுவும் அத்தையின் மீட்டரில் வேண்டாம்.